ஒரு பல் தள்ளி

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டு, என்ஜினை அணைத்த பிறகுதான் இடது கை மடியில் விழுந்தது. உள்ளே நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை.

தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் அது. நான்காம் நம்பர். பதினாறு வருடம் ஓட்டினான். அவன் படுத்த மறுநாளே வேறொரு டிரைவரைப் போட்டார்கள். தற்காலிகமாகத்தான் என்றார்கள். அண்ணன் அந்த ஆளுக்குத் தற்காலிகம் என்றே பேர் வைத்தான். தற்காலிகம் ஓட்ட ஆரம்பித்து நான்கு வருடம் தாண்டிவிட்டது.

காலை ஆறு நாற்பதுக்கு பஸ் எங்கள் தெருமுனையில் திரும்பும். அண்ணி ஜன்னலைத் திறந்து வைப்பாள். அண்ணன் எட்டிப் பார்க்க மாட்டான். காதால் கேட்பான்.

“இரண்டாவது கியர்ல திருப்புறான், பாவி. என்ஜின் அழுவுது.”

“காலங்காத்தால அந்த ஆளை ஏங்க திட்டுறீங்க?”

“திட்டலை. அவன் நாளைக்குப் போயிடுவான். பஸ் மிச்சம் இருக்கணும்ல.”

பஸ் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு தேர்வு. பெரிய கூடத்தில் ஒரு இருக்கை, எதிரே மூன்று திரை, பொம்மை அளவில் ஒரு ஸ்டியரிங். பன்னிரண்டு நிமிடம் ஓட்ட வேண்டும். பாதிக்கு மேல் நேர் சாலை. சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டால் ஒரு தவறு. மூன்றுக்கு மேல் போனால் கிடையாது. நோய் வந்து எழுந்தவர்களுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டும் போனால் அதோடு சரி.

பத்தாம் மாதமே முதல் வாய்ப்புக்குப் போனான். ஏழு முறை தொட்டான். ஏழும் இடப்பக்கம். வீட்டுக்கு வருகிற வழியிலேயே கடையில் இறங்கி, பந்தய விளையாட்டுக்கான ஸ்டியரிங் ஒன்றை வாங்கினான்.

“பொம்மையில தோத்தா பொம்மையிலதான் பழகணும்” என்றான்.

கடையில் இருந்ததிலேயே மலிவானது. கறுப்பு பிளாஸ்டிக், மேலே ரப்பர் தோல், நடுவில் கம்பெனிச் சின்னம். மேசை விளிம்பில் வைத்துத் திருகி இறுக்கி, ஒயரை டிவியோடு இணைக்க வேண்டும்; காலுக்குக் கீழே பெடல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முக்கால் சுற்று. உள்ளே ஒரு ரப்பர் கயிறு. கையை விட்டால் சக்கரத்தை நடுவுக்கு இழுத்து நிறுத்துவது அதுதான்.

முதல் வாரம் பெடல் தரையில் நழுவியது. அண்ணன் தரையில் ஒரு மரச்சட்டம் அடித்து முட்டுக் கொடுத்தான். ஆறாம் மாதம் பிரேக் கீச்சிட்டது. அண்ணி சமையல் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டாள். இரண்டாம் வருடம் ரப்பர் தோல் பிசுபிசுத்தது. ஓட்டி முடித்தால் உள்ளங்கை கறுப்பாக இருக்கும். சோப்புக்குப் போகாது. வருகிறவர்களிடம் கையை விரித்துக் காட்டுவான். மூன்றாம் வருடம் ஒரு பட்டன் உள்ளே விழுந்துவிட்டது. திருப்பும்போதெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி உருண்டது.

“பாப்பா எழுந்திருச்சு” என்பாள் அண்ணி. அவர்களுக்குக் குழந்தை இல்லை.

பந்தய விளையாட்டில் அண்ணன் பந்தயம் ஓட்டவில்லை. மற்ற கார்களை நீக்கிவிட்டு, காலிப் பாதையில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போவான். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பான். ஒரு சுற்று முடிந்ததும் தொடக்கக் கோட்டில் நிறுத்துவான். பத்து விநாடி காத்திருப்பான்.

“யாருங்க ஏறுறா?”

“கேன்டீன் ஆளுங்க. இன்னைக்கு ஒருத்தி லேட்டு.”

ஓட்டும்போது இரண்டு விஷயம் அவனுக்குச் சட்டம். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது. ஸ்டியரிங்கைப் பார்க்கக் கூடாது. பார்வை சாலையில். “கையைப் பாத்து ஓட்டுறவன் எவனைக் கொல்லப் போறான்னு அவனுக்கே தெரியாது” என்பான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பான்.

நான் அவன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். ஆபீஸ்களுக்குப் போய் பிரிண்டர் பழுது பார்ப்பது என் வேலை. பத்தொன்பது வயதில் அண்ணனின் நண்பருடைய காரை ஓட்டிப் பழகும்போது ஒரு கேட்டில் இடித்தேன். கேட் அகலமானது. அன்றைக்கு அண்ணன் எனக்கு வைத்த பேர் கோணல். எனக்கு இப்போது முப்பத்தெட்டு. என் ஆபீசுக்குப் போன் செய்தாலும் “கோணல் இருக்கானா” என்றுதான் கேட்பான். ஆபீசில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருமுறை ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாசலிலேயே அண்ணன், “கோணலோட வந்திருக்கீங்க, படி பாத்து ஏறுங்க” என்றான். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குள் போட்டி. ஆளுக்கு மூன்று சுற்று. வேகத்துக்கு மதிப்பில்லை. யார் கோட்டைக் குறைவாகத் தொடுகிறார்கள் என்பதுதான். அண்ணி பக்கத்தில் நின்று எண்ணுவாள். ஒரு கம்பியில் துணிக் கிளிப்புகளை மாட்டிவைத்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றை இந்தப் பக்கம் தள்ளுவாள்.

முதல் வருடம் முழுக்க நான் தோற்றேன். ஒன்றரைக் கை உள்ளவனிடம் தோற்றேன். வருடக் கடைசியில் அண்ணன் ஒரு கிளிப்பைக்கூட நகர வைக்கவில்லை. தொடர்ந்து ஆறு ஞாயிறு. இடது கை மெல்ல வந்துவிட்டது. இரண்டாவது வாய்ப்புக்கு விண்ணப்பம் போட்டான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஸ்டியரிங் முனகியது. திருப்பினால் கர் என்றது.

“உன் வேலைதான் இது. கழட்டு” என்றான் அண்ணன். பிறகு அண்ணியிடம், “பிளாஸ்டிக் பல்சக்கரம்னா இவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதுல மட்டும் கோணல் நேர்” என்றான்.

என்னைப் பற்றி அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

ஆறு ஸ்க்ரூ. உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம், அதில் கோத்த ஒரு சின்னப் பல்சக்கரம். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்று டிவிக்குச் சொல்வது சின்னதுதான். இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி. புள்ளியும் புள்ளியும் சேர்ந்து நிற்க வேண்டும். பிரிண்டரிலும் இப்படித்தான். துடைத்தேன். கிரீஸ் வைத்தேன். மூடும்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரம் ஆபீசிலிருந்து போன். பேசிக்கொண்டே ஸ்க்ரூக்களை முடுக்கினேன்.

அந்த ஞாயிறு அண்ணன் முதலில் ஓட்டினான். நேர் சாலையில் வண்டி இடப்பக்கம் நகர்ந்தது. இழுத்துத் திருப்பினான். மறுபடி நகர்ந்தது. அண்ணி கிளிப்புகளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பதினொன்று.

“சரியா மாட்டினியா?” என்றான் என்னிடம்.

“மாட்டினேன்.”

அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. என் முறை வந்து உட்கார்ந்த பிறகு தெரிந்தது. சக்கரம் நடுவில் இருந்தது. வண்டி இடப்பக்கம் போனது. கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தேன். நேரானது. இரண்டு கிளிப்புதான் போட்டேன். எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வாய் வரைக்கும் வந்தது.

அண்ணன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கோணல்கிட்ட தோத்துட்டேன்” என்றான். “அப்ப எனக்கு மறுபடியும் வந்திருக்கு.”

அண்ணி கம்பியைக் கீழே வைத்தாள். “அப்படில்லாம் பேசாதீங்க.”

“வேற என்ன? இவன்கிட்ட தோக்குறதுக்கு வேற என்ன காரணம் இருக்க முடியும்? நீயே சொல்லு.”

அண்ணி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் படத்தில் தெரியாததும் உண்டு என்றார். அண்ணன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கடைசி வாய்ப்பை வீணாக்க அவன் தயாராக இல்லை. பழைய ரப்பர் பந்தை எடுத்து இடது கையால் அமுக்க ஆரம்பித்தான். காலையில் இருநூறு, மாலையில் இருநூறு.

தொண்ணூற்றாறு ஞாயிறு நான் ஜெயித்தேன். முதல் மாதம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் என்னை விட்டுவைக்கவில்லை. “கிளிப்பு எண்ணிக்கையில ஜெயிக்கலாம், கோணல். பஸ்ஸை உன்கிட்ட எவன் குடுப்பான்?” என்பான். ஆனால் குரல் சன்னமாக இருக்கும். ஓட்டும்போது அவன் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. வலது மணிக்கட்டு எந்நேரமும் இறங்கியே இருந்தது. முன்கை தடித்தது. அண்ணி, “நேரா உக்காருங்களேன், முதுகு போயிடும்” என்பாள். நடுவில் இருந்த கம்பெனிச் சின்னம் சற்றே தலை சாய்த்து நிற்கும். அண்ணன் அதைப் பார்க்கவில்லை. அண்ணியின் கண் திரையில் இருந்தது. அதைப் பார்த்தவன் நான் மட்டும்தான்.

இரண்டு வருடத்தில் அவன் அதையும் வென்றான். ஒரு ஞாயிறு மூன்று கிளிப்பு. பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. நான் மறுபடியும் தோற்க ஆரம்பித்தேன்.

“கை ஏமாத்துது. அது ஏமாத்துறதுக்கு முன்னாடியே நான் பிடிச்சுடுறேன்” என்றான். “இனி ஒண்ணும் பண்ண முடியாது அதால.”

நான்காம் வருடம் இரண்டாவது வாய்ப்புக்கு மறுபடி விண்ணப்பம் போட்டான்.

தேர்வு நாளன்று ஆபீஸ் வேனில் நான்தான் அழைத்துப் போனேன். சட்டையை அண்ணி இரண்டு தடவை தேய்த்திருந்தாள். பழைய டிரைவர் சட்டை. கழுத்தில் தளர்ந்திருந்தது.

“நேரா ஓட்டு, கோணல். இன்னைக்கு நான் சாகக் கூடாது.”

“சரிண்ணே.”

“இரண்டாவதுல திருப்பாத.”

“சரி.”

“அடுத்த மாசம் இந்நேரம் தற்காலிகம் வீட்ல உக்காந்திருப்பான். அவனுக்கு ஒரு பொம்மை வாங்கிக் குடுத்துடுவோம்.”

சிக்னலில் நின்றோம். வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஒரு பல் தள்ளியிருக்கிறது, அங்கே நடு என்பது நடுவிலேயே இருக்கும், வலப்பக்கம் பிடிக்காதே. அவ்வளவுதான். அண்ணன் என் கையைப் பார்த்தான்.

“ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கியா, தாலாட்டுறியா?”

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

கூடத்துக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். தேர்வு நடத்துபவர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். அண்ணன் இருக்கையைச் சரிசெய்தான். கண்ணாடிகளைப் பார்த்தான். கைப்பிரேக் இருக்கிறதா என்று தேடினான். அந்த அம்மா சிரித்தார்.

நேர் சாலை வந்தது. முதல் பத்து விநாடியிலேயே வண்டி வலப்பக்கம் போனது. அண்ணனின் தோள் இறுகுவது தெரிந்தது. வண்டி எப்போதெல்லாம் கோணுகிறதோ அப்போதெல்லாம் இடது கையைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அவன் பழகியிருந்தான். இடது கை ஏமாற்றுகிறது, வலது கையால் பிடி. பிடித்தான். வண்டி இன்னும் வலப்பக்கம் போனது. எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தாண்டியது. திரையில் ஒரு லாரி விலகிப் போனது. பிறகு இழுத்தான், மறுபடி பிடித்தான். பாதை முழுக்க அப்படித்தான்.

ஒன்பது. ஒன்பதும் வலப்பக்கம்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

“இடது கை அருமையா இருக்கு. பழைய தாளைப் பாத்தேன். இவ்வளவு மீண்டு வந்தவங்களை நான் பாத்ததில்லை. யார் பயிற்சி குடுத்தது?”

“நானேதான்” என்றான் அண்ணன்.

“வலது கை எப்போலேர்ந்து இப்படி இருக்கு?”

அண்ணனுக்குப் புரியவில்லை.

“வலது கைக்கு என்ன?”

“இழுக்குதே. உங்களுக்குத் தெரியலையா?” அவர் என் பக்கம் திரும்பினார். “வீட்ல யாரும் கவனிக்கலையா? டம்ளர் நழுவுதா, பேச்சுல ஏதாவது?”

“இல்லை” என்றேன்.

தாளில் எழுதினார். வலப்பக்கம் புதிய பாதிப்பு இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்கவும். மறுபரிசீலனை கேட்பதானால் பதினான்கு நாளுக்குள், உரிய சான்றோடு.

வேனில் திரும்பினோம். நான் இரண்டாவது கியரிலேயே திருப்பினேன். அண்ணன் திட்டவில்லை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்து மூன்று சுற்று ஓட்டினான். ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை.

“பாத்தியா” என்றான் அண்ணியிடம். “அவங்க மிஷின்ல கோளாறு. என் கையில ஒண்ணுமில்ல. பாத்தியா, பாத்தியா.”

மறுநாள் அந்த அம்மாவுக்குப் போன் செய்தான். வாதாடினான். கடைசியில் அவர், ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல் இருந்து, வீட்டில் நேராக ஓட்டுவதை வீடியோ படமும் எடுத்து அனுப்பினால், இன்னொரு வாய்ப்புக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். கையும் திரையும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

“ஞாயித்துக்கிழமை போன்ல படம் எடுக்கணும். கை நடுங்காம எடுப்பியா, இல்ல அதுவும் கோணலா வருமா?”

“எடுக்கிறேன்.”

ஸ்கேன் சனிக்கிழமைக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வந்தேன். அண்ணன் உள்ளே படுத்திருந்தான். அண்ணி மேசையைத் துடைக்க வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அதைப் பிடித்து ஓட்டி நான் பார்த்ததில்லை. வண்டி மெதுவாகப் போனது. இடப்பக்கம் போய் மண்ணில் இறங்கியது.

“தம்பி, இங்க வாங்க. நான் அசையாமத்தான் பிடிச்சிருக்கேன். எனக்கும் இடது பக்கம் போகுது. எனக்கும் வாதமா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. சக்கரத்தின் நடுவில் இருந்த சின்னத்தைப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

“புதுசா ஓட்டுறவங்களுக்கு அப்படித்தான் அண்ணி.”

“அப்படியா?”

“ஆமா.”

“எதுக்கும் ஒரு தடவை கழட்டிப் பாருங்களேன். இல்லன்னா கடையில குடுக்கவா?”

“கடைக்கு எதுக்கு? நானே பாக்கிறேன்.”

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஸ்கேனுக்குப் போனார்கள். ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினேன். இரண்டு வருடத்துக்கு முன் வைத்த கிரீஸ் அப்படியே இருந்தது. கிரீஸுக்கு அடியில் இரண்டு புள்ளிகள். ஒன்றுக்கொன்று ஒரு பல் தள்ளி நின்றன.

அப்படியே மூடியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவன் நேராக ஓட்டுவான், நான் படம் எடுப்பேன். ஆனால் சின்னம் சாய்ந்திருப்பது படத்தில் தெரியும். அந்த அம்மா விஷயம் தெரிந்தவர், கேட்பார். அண்ணி ஏற்கனவே கேட்டாயிற்று. யாராவது ஒருவர் இதைக் கழற்றுவார். கிரீஸ் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சின்னப் பல்சக்கரத்தைத் தூக்கி ஒரு பல் நகர்த்தினேன். புள்ளியும் புள்ளியும் சேர்ந்தன. உள்ளே விழுந்து கிடந்த பட்டனையும் எடுத்து அதன் இடத்தில் ஒட்டினேன். மூடினேன்.

இது அவன் கையை என்ன செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். தேர்வுக் கூடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன் நான்.

அவர்கள் திரும்பி வந்தபோது அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். உறையை மேசையில் போட்டான்.

“ஒண்ணுமில்லையாம். சுத்தமாம். என் மூளையில கிடைச்ச ஒரே கெட்ட பொருள் கோணலைப் பத்தின நெனப்புதானாம்.”

அண்ணியும் சிரித்தாள். அடுப்படியில் என்னிடம் மெதுவாக, “கழட்டினீங்களா?” என்றாள்.

“கழட்டினேன். உள்ள எல்லாம் சரியா இருக்கு.”

“நல்லவேளை.”

ஞாயிறு காலை அண்ணன் குளித்து, டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அண்ணி ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் துணி கட்டினாள். கிளிப்புக் கம்பியை எடுத்து வந்தாள். வேண்டியதில்லை, ஆனாலும் எடுத்து வந்தாள். நான் போனைப் பிடித்தேன். கையும் திரையும் தெரிந்தன.

“பேரைச் சொல்லணுமா?” என்றான்.

“சொல்லு.”

பேரைச் சொன்னான். பஸ் நம்பரைச் சொன்னான். பதினாறு வருடம், ஒரு விபத்தும் இல்லை என்று சொன்னான். பிறகு ஓட்டினான்.

“பாப்பா தூங்குது போல” என்றாள் அண்ணி. கிலுகிலுப்பைச் சத்தம் வரவில்லை.

நேர் சாலையில் வண்டி வலப்பக்கம் போனது.

அண்ணன் பிடித்தான். இன்னும் போனது. கோட்டைத் தாண்டிப் புல்லில் ஏறியது. கொண்டுவந்தான். மறுபடி போனது. அண்ணி முதல் கிளிப்பைத் தள்ளினாள். பழக்கத்தில் தள்ளியிருப்பாள். இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதுக்குப் பிறகு தள்ளவில்லை. கம்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று சுற்றையும் முடித்தான். பாதியில் நிறுத்தவில்லை. தொடக்கக் கோட்டில் நிறுத்தி பத்து விநாடி இருந்தான். யார் ஏறுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

“எடுத்தியா?”

“எடுத்தேன்.”

“அழிச்சிடு.”

அழித்தேன்.

“ஸ்டியரிங்தாங்க” என்றாள் அண்ணி. “எனக்கு முந்தாநாள் இடது பக்கம் போச்சு. இது ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போகுது. சனியன். தூக்கிப் போடுங்க.”

அண்ணன் எழுந்தான். நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

“நீ ஓட்டு.”

“வேணாம்ண்ணே.”

“ஓட்டுடா.”

உட்கார்ந்தேன். ரப்பர் தோல் அவன் கைச் சூட்டில் இருந்தது. சின்னம் நிமிர்ந்து நின்றது. எனக்கும் இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வேண்டுமென்றே இரண்டு தடவை புல்லில் ஏற்றியிருக்கலாம். அண்ணி சொன்னது சரியென்று ஆகியிருக்கும். ஸ்டியரிங்கைத் தூக்கி எறிந்திருப்பார்கள். வேறு ஒன்று வாங்கியிருப்பார்கள், அதில் அவன் ஒரு மாதத்தில் பழகியிருப்பான்.

நேராக ஓட்டினேன். மூன்று சுற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை.

அண்ணன் பின்னால் நின்று கடைசிவரை பார்த்தான்.

“பாத்தியா” என்றான் அண்ணியிடம். மெதுவாகத்தான் சொன்னான். “கோணலே நேரா ஓட்டுறான். ஸ்டியரிங் நல்லாத்தான் இருக்கு.”

அண்ணி அடுத்த வாரமும் ஒருமுறை தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். வண்டி நேராகப் போனது. “பழகிட்டேன் போல” என்றாள். பிறகு அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற தாளை அண்ணன் யாருக்கும் அனுப்பவில்லை. படத்தில் தெரியாததும் உண்டு என்று டாக்டர் சொன்னதை அவனே எங்களுக்குச் சொன்னான். பதினான்கு நாள் முடிந்தது. வலது கையால் டம்ளரை எடுப்பதை நிறுத்தினான். சட்டைப் பட்டனை இடது கையால் போடக் கற்றுக்கொண்டான். இடது கை நன்றாகவே இருக்கிறது. வலது கை மடியில் இருக்கிறது. இரண்டு மாதமாக உபயோகிக்காததில் இப்போது லேசாக நடுங்குகிறது. அதைப் பார்த்து அண்ணி அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஆறு நாற்பதுக்கு பஸ் திரும்புகிறது. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. நேற்று அந்த டிரைவர் மூன்றாவது கியரில் திருப்பினான். எனக்கே கேட்டது, என்ஜின் திணறியது. அண்ணனைப் பார்த்தேன்.

“தம்பி” என்றான்.

அவன் என்னை அப்படிக் கூப்பிடுவது அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான்.

“அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துக் குடு.”

டம்ளரை அவன் இடது கையில் கொடுத்தேன்.